லைஃப் ஜாக்கெட் போட்டா மட்டும் போதுமா? படகில் ஏறும் முன் குடும்பமா கவனிக்க வேண்டியவை!

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு ஏரிகளில் பெடல் போட், பிச்சாவரத்தில் துடுப்புப் படகு, ஒகேனக்கல்லில் பரிசல், முட்டுக்காட்டில் மோட்டார் படகு, ஆலப்புழா பக்கம் போனால் ஹவுஸ்போட்... எங்கே டூர் போனாலும் படகுச் சவாரி இல்லாமல் நமக்குத் திருப்தியே வராது. டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் ஆரஞ்சு நிற ஜாக்கெட் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அங்கிருந்துதான் பிரச்னையே ஆரம்பிக்கிறது.

'வேர்வை நாத்தம் அடிக்குதே', 'போட்டோல டிரெஸ்ஸே தெரியாது', 'அஞ்சு நிமிஷம்தானே' என்று சிலர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். சிலர் தோளில் மாட்டுவார்கள், ஆனால் பக்கிளைப் போட மாட்டார்கள். நாலு வயசுக் குழந்தைக்குப் பெரியவங்க சைஸ் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, அது முழங்கால் வரை தொங்குவதைப் பார்த்து 'எவ்ளோ க்யூட்' என்று போட்டோ எடுப்பார்கள்.

ஜாக்கெட் படகில் இருப்பது வேறு, உடம்பில் இருப்பது வேறு, உடம்போடு சரியான அளவில் கட்டப்பட்டிருப்பது வேறு. உயிரைக் காப்பாற்றுவது மூன்றாவது மட்டும்தான். அதற்கு என்ன பார்க்க வேண்டும், எதை வாங்க வேண்டும், எப்படி எடுத்துப்போக வேண்டும் என்று பார்ப்போம்.

'எனக்குத்தான் நீச்சல் தெரியுமே!'

மனித உடம்பு தண்ணீரில் கல் மாதிரி மூழ்குவதில்லை. கிட்டத்தட்ட மிதக்கும் நிலையில்தான் இருக்கிறது. தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கச் சராசரி பெரியவருக்குக் கூடுதலாக 3 முதல் 5 கிலோ மிதப்பு விசை கிடைத்தால் போதும். லைஃப் ஜாக்கெட் செய்யும் வேலை அவ்வளவுதான். ஆனால், அந்த 5 கிலோதான் மூச்சுக்கும் மூழ்குவதற்கும் நடுவில் நிற்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் மூழ்கும். அதனால் ஒல்லியாக, கட்டுமஸ்தாக இருப்பவர்தான் தண்ணீரில் சீக்கிரம் இறங்குவார். 'நான் ஃபிட்டா இருக்கேன், எனக்கு எதுக்கு?' என்று சொல்பவருக்குத்தான் ஜாக்கெட் இன்னும் அவசியம்.

நீச்சல் தெரிந்தவர்கள் கற்றுக்கொண்டது குளத்திலோ, கிணற்றிலோ, ஸ்விம்மிங் பூலிலோ. அங்கே நாமாக, தயாராகத் தண்ணீரில் இறங்குகிறோம். படகு கவிழும்போது ஜீன்ஸ், ஷூ, புடவையோடு, எதிர்பாராத நொடியில் விழுகிறோம். படகின் விளிம்பில் தலை இடிக்கலாம். பக்கத்தில் விழுந்தவர் பயத்தில் நம் கழுத்தைப் பிடிக்கலாம். மலை ஏரிகளின் சில்லென்ற தண்ணீரில் சட்டென விழுந்தால் உடம்பு தானாகவே மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால், நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2023-ம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கு இதை அப்படியே காட்டுகிறது. பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் அந்த ஆண்டு அங்கே 564 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த இறப்புகளில் 75 சதவிகிதம் நீரில் மூழ்கியவை. அப்படி மூழ்கியவர்களில் 87 சதவிகிதம் பேர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.

நம்மைச் சுற்றி நடந்தவை

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011-ல் கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளாவின் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதரா ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும்.

ஊர், நீர்நிலை, படகு எல்லாமே வேறு. ஆனால், அளவுக்கு மீறிய கூட்டமும், எல்லோர் உடம்பிலும் ஜாக்கெட் இல்லாததும் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டன. இவர்களில் யாரும் நடுக்கடலுக்குச் சாகசப் பயணம் போனவர்கள் இல்லை. நம்மைப் போல ஒரு மணி நேரச் சவாரிக்கு ஏறியவர்கள்.

தக்கையில் ஆரம்பித்த கதை

இங்கிலாந்தின் விட்பி என்ற ஊரில் 1861 பிப்ரவரி 9 அன்று கடும் புயல். கரையோரம் சிக்கிய கப்பல்களில் இருந்தவர்களை மீட்க 13 பேர் கொண்ட உயிர்காப்புப் படகு பலமுறை கடலுக்குப் போய் வந்தது. கடைசி முறை அந்தப் படகே கவிழ்ந்து 12 பேர் இறந்தார்கள். பிழைத்த ஒரே ஆள் ஹென்றி ஃப்ரீமேன். புதிதாக வந்திருந்த தக்கை ஜாக்கெட்டை அணிந்திருந்ததும் அவர் ஒருவர்தான்.

தக்கைக்குப் பிறகு, நாம் தலையணையில் அடைக்கும் இலவம்பஞ்சு லைஃப் ஜாக்கெட்டுக்குள் வந்தது. அதன் இழைக்குள் காற்று அடைபட்டிருப்பதால் நன்றாக மிதக்கும். ஆனால், அழுத்தி நசுக்கினால் அந்தத் திறன் போய்விடும். இப்போது பெரும்பாலும் ஃபோம்தான். அதற்கும் அந்தப் பலவீனம் கொஞ்சம் உண்டு. 'ஜாக்கெட் மேல உட்காராதீங்க' என்று படகோட்டி சொன்னால், காரணத்தோடுதான் சொல்கிறார்.

50, 100, 150... இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்?

தரமான ஜாக்கெட்டின் உள்பக்க லேபிளில் ஒரு எண் இருக்கும். அது நியூட்டன் கணக்கில் மிதப்பு விசை. 10 நியூட்டன் என்பது சுமார் 1 கிலோ. ஐ.எஸ்.ஓ 12402 என்ற சர்வதேசத் தரம் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது.

* 50 நியூட்டன்: நீச்சல் தெரிந்தவர்களுக்கு, கரைக்குப் பக்கத்தில், உதவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது. கயாக், பேடில் போர்டு ஓட்டுபவர்களுக்குக் கையை ஆட்ட வசதியாக இருக்கும். மயங்கியவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பும் என்று இதை நம்ப முடியாது.
* 100 நியூட்டன்: ஏரி, காயல், அமைதியான நீர்நிலைகளுக்கு. நீச்சல் தெரியாதவர்களுக்குக் குறைந்தபட்சம் இதுதான். கழுத்துக்குப் பின்னால் காலர் இருக்கும். குடும்பமாக ஏரியில் போக ஏற்றது.
* 150 நியூட்டன்: கடல், பெரிய அலைகள் உள்ள இடங்களுக்கு. பெரும்பாலான சூழலில் மயங்கியவரை மல்லாக்கத் திருப்பும்.
* 275 நியூட்டன்: கனமான உடை, கருவிகளோடு ஆழ்கடலில் வேலை செய்பவர்களுக்கு. டூர் போகிறவர்களுக்குத் தேவையில்லை.

இந்த எண்கள் பெரியவர்களுக்கானவை. குழந்தை ஜாக்கெட்டில் உடல் எடைக்கு ஏற்ப மிதப்பு விசை குறைவாகவே இருக்கும். அது குறை அல்ல.

குழந்தைக்கு வயசைப் பார்க்காதீங்க, எடையைப் பாருங்க!

'அஞ்சு வயசுக்கு ஒண்ணு கொடுங்க' என்று கடையில் கேட்பது வழக்கம். ஆனால் லைஃப் ஜாக்கெட்டுக்கு வயது கணக்கில்லை. அமெரிக்க அளவு முறையில் சுமார் 14 கிலோ வரை கைக்குழந்தை சைஸ், 14 முதல் 23 கிலோ வரை சிறுவர் சைஸ், 23 முதல் 40 கிலோ வரை வளர்ந்த சிறுவர் சைஸ். 40 கிலோவைத் தாண்டினால் பெரியவர் சைஸ்; அதை மார்புச் சுற்றளவை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு தர முறைகளில் எல்லைகள் கொஞ்சம் மாறும். லேபிளில் எழுதியிருக்கும் கிலோதான் இறுதி.

குழந்தை ஜாக்கெட்டில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

1. தலையைத் தாங்கும் காலர். சின்னக் குழந்தைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். காலர் இல்லையென்றால் முகம் தண்ணீருக்குள் போய்விடும்.
2. கால்களுக்கு நடுவே போகும் ஸ்ட்ராப். குழந்தைக்கு இடுப்பும் தோளும் ஒரே அகலம். இந்த ஸ்ட்ராப் இல்லையென்றால் ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும், குழந்தை அடியில் நழுவிவிடும்.
3. காலரில் பிடித்துத் தூக்கும் கைப்பிடி. படகிலிருந்து குனிந்து சட்டெனத் தூக்க அதுதான் உதவும்.

'வளர்ற பிள்ளைதானே, ரெண்டு சைஸ் பெருசா வாங்கிடலாம்' என்ற நம் வீட்டுப் பழக்கத்தை ஸ்கூல் யூனிஃபார்மோடு நிறுத்திக்கொள்வோம். பெரிய ஜாக்கெட் போட்ட குழந்தை தண்ணீரில் விழுந்தால், ஜாக்கெட் காது வரை ஏறி முகத்தை மூடும். அல்லது கழன்றே போகும்.

கைக்குழந்தைக்குப் பொருந்தும் ஜாக்கெட் இல்லையா? அம்மாவோ அப்பாவோ ஒருத்தர் குழந்தையோடு கரையில் இருப்பதுதான் ஒரே வழி. குழந்தையைத் துணியில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு அதன்மேல் உங்கள் ஜாக்கெட்டைப் போடக் கூடாது. தண்ணீரில் விழுந்தால் குழந்தையின் முகம் உங்களுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும்.

படகுத் துறையில் ஒரு நிமிட சோதனை

கொடுத்ததை அப்படியே மாட்டிக்கொள்ளாமல், இதையெல்லாம் ஒரு பார்வை பாருங்கள்.

* பக்கிள்கள்: எல்லாம் இருக்கின்றனவா? 'டக்' என்று பூட்டுகின்றனவா? பக்கிள் உடைந்து, கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தால் வேறு கேளுங்கள்.
* துணி, தையல்: வெயிலில் வெளுத்து, இழுத்தால் கிழியும் பதத்தில் இருந்தால் வேண்டாம். தோள்பட்டைத் தையலைப் பாருங்கள். உங்களைத் தூக்கும்போது மொத்தப் பாரமும் அங்கேதான் விழும்.
* ஃபோம்: இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். பழைய நிலைக்கு வர வேண்டும். கட்டையாக, சப்பையாக, துண்டு துண்டாக இருந்தால் அது வெறும் துணிதான்.
* எடை: வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால் ஃபோம் தண்ணீரைக் குடித்திருக்கிறது என்று அர்த்தம்.
* விசில்: இருந்தால் நல்லது. தண்ணீரில் கத்தினால் சீக்கிரம் களைத்துவிடுவோம். விசில் சத்தம் தூரம் போகும்.

மாட்டிய பிறகு

எல்லா பக்கிளையும் பூட்டி, கீழிருந்து மேலாக ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்குங்கள். பிறகு இரண்டு கைகளையும் மேலே தூக்குங்கள். கூட இருப்பவரைத் தோள்பட்டையைப் பிடித்து ஜாக்கெட்டை மேலே இழுக்கச் சொல்லுங்கள். தாடைக்கு மேலே ஏறினால் அது உங்களுக்குப் பெரிசு, அல்லது இறுக்கம் போதவில்லை. மூச்சு விடச் சிரமமாக இருந்தால் சின்னது. இறுக்கமாகவும் இருக்க வேண்டும், ஆழமாக மூச்சு இழுக்கவும் முடிய வேண்டும். அதுதான் சரியான அளவு.

பக்கிளே எட்டவில்லை என்றால் கூச்சப்படாமல் பெரிய சைஸ் கேளுங்கள். முன்பக்கம் திறந்த ஜாக்கெட் தண்ணீரில் முதுகுப் பக்கமாகக் கழன்றுவிடும்.

புடவை கட்டியவர்கள் முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகி, அதன்மேல் ஜாக்கெட்டைப் போட வேண்டும். துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வைத்துவிடலாம். ரெயின்கோட், ஸ்வெட்டர் எல்லாம் ஜாக்கெட்டுக்கு உள்ளே. முதுகுப் பை, கேமரா ஸ்ட்ராப்பைக் கழுத்திலும் தோளிலும் குறுக்காக மாட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.

சொந்தமா வாங்கலாமா?

வருஷத்துக்கு ஒருமுறை ஏரிக்குப் போகிறவர்களுக்கு அவசியமில்லை. ஆனால் சின்னக் குழந்தை உள்ள வீடு, அடிக்கடி டூர் போகும் குடும்பம், கயாக்கிங் பழகுபவர்கள் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. முக்கியமாகக் குழந்தைக்கு. சரியான சின்ன சைஸ் எல்லாப் படகுத் துறையிலும் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. வேர்வை நாற்றப் பிரச்னையும் இதோடு தீர்ந்துவிடும்.

* லேபிளைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ 12402, அல்லது அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கீகாரம், அல்லது இந்தியக் கப்பல் பதிவகமான ஐ.ஆர்.எஸ் அங்கீகாரம் என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். எடை வரம்பும் மிதப்பு விசையும் இல்லாத ஜாக்கெட், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.
* ஆன்லைனில் 'ஸ்விம் வெஸ்ட்' என்று வருவது, கையில் மாட்டும் காற்றுப் பட்டை, பொம்மை டியூப் எல்லாம் நீச்சல்குளத்தில் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது விளையாடத்தான். அவை லைஃப் ஜாக்கெட் அல்ல.
* நிறம்: ஆரஞ்சு, சிவப்பு, பளிச் மஞ்சள். நீலமும் சாம்பலும் போட்டோவுக்கு அழகு, ஆனால் தண்ணீரில் தேடுபவர் கண்ணுக்குத் தெரியாது.
* காற்றடைத்து விரியும் வகை மெல்லிசாக, வசதியாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் நிறைந்திருக்கிறதா என்று தவறாமல் பார்க்க வேண்டும், ஒருமுறை விரிந்தால் மாற்ற வேண்டும். குழந்தைகளுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் ஃபோம்தான் சரி. சிலிண்டர் வகையை விமானத்தில் கொண்டுபோவதாக இருந்தால் முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் அனுமதி கேளுங்கள்.

வாங்கியதும் இடுப்பளவு ஆழமுள்ள ஸ்விம்மிங் பூலில், குழந்தையைக் கைக்குள் வைத்துக்கொண்டே ஒருமுறை மிதக்கவிட்டுப் பாருங்கள். வாய் தண்ணீருக்கு மேலே இருக்கிறதா, ஜாக்கெட் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். குழந்தைக்கும் பயம் போய்விடும். வருஷத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். எடை கூடியிருந்தால் சைஸ் மாற்ற வேண்டும்.

எடுத்துப்போவதும் பாதுகாப்பதும்

* பெட்டிக்குள் அமுக்கி மடிக்காதீர்கள். தனிப் பையில், மேலே பாரம் வைக்காமல் எடுத்துப்போங்கள்.
* உப்புத் தண்ணீரில் பயன்படுத்தினால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் இரண்டும் கூடாது.
* நிழலில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.
* வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.
* சொந்தப் படகோ கயாக்கோ வைத்திருப்பவர்கள் சீட்டுக்கு அடியில் கட்டி வைக்க வேண்டாம். படகு கவிழும்போது முடிச்சை அவிழ்க்க நேரமிருக்காது. கரையிலேயே போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். கரைக்கு வந்து இறங்கிய பிறகுதான் கழற்ற வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் படகு அதிகம் ஆடும்.

எப்படிக் கேட்பது?

நிறைய பேருக்கு இதில்தான் தயக்கம். 'நாம மட்டும் கேட்டா என்ன நினைப்பாங்க' என்று பேசாமல் ஏறிவிடுவோம். சண்டை போட வேண்டியதில்லை. "அண்ணே, இவ பதினேழு கிலோ. சின்ன சைஸ் ஜாக்கெட் ஒண்ணு எடுத்துக் கொடுங்கண்ணே" என்றால் போதும். இல்லை என்றால், "பரவாயில்லண்ணே, நாங்க கரையிலேயே இருக்கோம்" என்று சொல்லிவிடலாம். உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் படகுகளின் பாதுகாப்புக்கு 2021-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஜாக்கெட் கேட்பது நம் உரிமை.

படகில் எழுதியிருக்கும் ஆள் கணக்கையும் பாருங்கள். கூட்டம் அதிகமாக இருந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். கூட்டத்தால் சாயும் படகை ஜாக்கெட் நிமிர்த்தாது. இரண்டு தளப் படகில் அடித்தள அறைக்குள் அடைந்து உட்காருவதைவிட, திறந்த பக்கம் உட்காருவது நல்லது. மூடிய அறைக்குள் தண்ணீர் ஏறினால் ஜாக்கெட் உங்களைக் கூரையோடு சேர்த்து அழுத்தும், வெளியே நீந்தி வருவது கஷ்டம்.

விழுந்துட்டா?

முதல் வேலை, மல்லாக்கத் திரும்பி மூச்சைச் சீராக்குவது. ஜாக்கெட் தாங்கும், நம்புங்கள். கவிழ்ந்த படகு மிதந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரை பக்கத்தில் தெரிந்தாலும், தண்ணீரில் தூரக்கணக்கு ஏமாற்றும். குளிர்ந்த தண்ணீர் என்றால் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். பல பேர் இருந்தால் நெருங்கி வட்டமாக, குழந்தைகளை நடுவில் வைத்து மிதக்கலாம். விசிலை விட்டு விட்டு ஊதுங்கள்.

கரையிலோ படகிலோ இருப்பவர்கள் ஜாக்கெட் இல்லாமல் குதிக்க வேண்டாம். கயிறு, துடுப்பு, காலி கேன், கூடுதல் ஜாக்கெட் என மிதக்கும் எதையாவது எறியுங்கள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. கடலில் என்றால் கடலோரக் காவல்படை 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இந்த நான்கையும் கிளம்பும் முன்பே போனில் சேமித்து வையுங்கள்.

அடுத்த டூருக்கு பேக்கிங் லிஸ்ட் போடும்போது, வீட்டில் இருக்கும் எடை மெஷினில் குழந்தையை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அந்தக் கிலோ கணக்கைக் குறித்துவைத்துக்கொண்டு போங்கள். படகுத் துறையில் எந்த ஜாக்கெட் கேட்பது என்ற குழப்பம் இருக்காது.